சுடுகிற சுவர்

தெரணியகலையிலிருந்து கிளம்பிய பஸ் தோட்டத்து வளைவில் நின்றுவிடுகிறது. பாதையை மறித்துக்கொண்டு ஒரு பெக்கோ இயந்திரம், ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்திய பழைய கட்டடத்தை இடிக்கிறது. செங்கற்களில் படிந்த கரி மழையில் கரைந்து ஓடுகிறது. இறங்கி, தேத்தண்ணிக் கடைக்குள் ஒதுங்குகிறேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறாள். அவள் காலடியில் வாளி நிறைய, துவைத்த குழந்தைத் துணி.

"இங்க என்ன கட்டப் போறாங்க, தங்கச்சி?"

"பிள்ளைக் காம்பராங்க அண்ணே. நாங்க மலைக்கு வேலைக்குப் போறப்ப பிள்ளைகள விட்டுட்டுப் போறதுக்கு. சண்டை போட்டு வாங்குனதே நாங்கதான்."

"நல்லதுதானே?"

"நல்லதுதாங்க. ஆனா இந்த மழைக்கு எங்க லயத்து வீட்டுல ஒண்ணும் காயாது. உள்ளுக்கு நெருப்பு எரியுறதால இந்தச் செவுரு எப்பவும் சுடும். இவன் துணியெல்லாம் அதுலதான் போடுவேன். சண்டை போட்டப்ப அது ஞாபகமே வரலீங்க."

சுவர் சரிகிறது. திடுக்கிட்டு அழுத குழந்தையை என் கையில் கொடுக்கிறாள். வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்து இறுக்கிப் பிழிந்து, சேலைக்கு உள்ளே வெறும் வயிற்றில் சுற்றிக்கொள்கிறாள்.

"உடம்புச் சூட்டுல காஞ்சிருங்க."

சொல்லும்போதே குளிரில் அவள் உடம்பு ஒருமுறை நடுங்குகிறது.