சிவப்புக் காகிதம் ஒட்டிய முட்டைகள்

2025 ஏப்ரல் 19, சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, ஒரு தட்டு அவித்த முட்டையோடு அக்கா கோலா சிலாங்கூரில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். பக்கத்து ஊரான ஜெராமில் ஒரு கிறிஸ்துவக் குடும்பத்துக்கு மருமகளாகிய அவளுக்கு அது முதல் ஈஸ்டர். மறுநாள் தேவாலயத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முட்டைகளை அலங்கரிக்கும் பொறுப்பை மாமியார் நம்பி ஒப்படைத்திருந்தார். அக்காவோ, பரிசுப்பொருளுக்குக் காகிதம் சுற்றினால் ஒரு முனை வெளியே தெரியும்படியே சுற்றுபவள்.

"நீதாண்டி காப்பாத்தணும். அத்தை முன்னால மானம் போயிடும்."

அம்மா கதவை மறித்தார். "சனிக்கெழம முட்ட உள்ள வரக்கூடாது. ஏசு சாமிக்குன்னாலும் வெளியவே வச்சு ஒட்டுங்க."

வெளியே பாய் விரித்து, சிவப்பிலும் மஞ்சளிலும் காகித இதழ்கள் வெட்டி ஒட்டினோம். ஆற்றுக்காற்றின் ஈரத்தில் கம் காய மறுத்தது. முட்டைகளை மதிலின்மேல் வரிசையாக வைத்துவிட்டுத் தேநீர் குடிக்க உள்ளே போனோம்.

எங்கள் வீடு முச்சந்தியில் இருக்கிறது. கண்ணேறு கழிக்க முட்டையைத் தலை சுற்றி உடைக்கும் இடம் அது. சிவப்பும் மஞ்சளுமாக ஒரு முட்டை அடுத்தவர் வாசலில் கிடந்தால் அது செய்வினை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் முட்டைகள் அனைத்தும் பக்கத்து வீட்டு அங்கிள் அந்த வாரம் வாங்கிய புதுக் காரை நோக்கி இருந்ததைத்தான் நான் கவனிக்கவில்லை.

கூச்சல் கேட்டு வெளியே வந்தோம். ஆண்ட்டி கை நிறைய உப்போடு நின்றார். அங்கிள் கடைசி முட்டையை விளக்குமாற்றால் சாக்கடைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"உள்ள போங்க புள்ளைங்களா! எவனோ வரிசையா வச்சிட்டுப் போயிருக்கான் லா!"

"கையால தொடல, வௌக்கமாத்தாலதான் தள்ளுனாரு," என்று ஆண்ட்டி எங்களைத் தேற்றினார்.

"அங்கிள், அது ஈஸ்டர் முட்ட," என்ற அக்கா அப்படியே பாயில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

அங்கிள் விளக்குமாற்றை மெல்லப் பின்னால் மறைத்தார். "ஈஸ்டருக்கு எதுக்கும்மா குங்குமக் கலரு?"

அவரே காரை எடுத்துப் போய் முட்டை வாங்கி வந்தார். ஆண்ட்டி அவித்துக் கொடுத்ததோடு, கோலம் போடும் கைவாகில் காகிதத்தை நுணுக்கமாக வெட்டினார். நீலமும் பச்சையும் மட்டும்தான் என்பது அங்கிளின் நிபந்தனை. அவரும் ஒட்டினார், ஒரு முட்டை அவர் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பூந்தொட்டிக்குப் பின்னால் உருண்டு தப்பித்திருந்த ஒரு சிவப்பு முட்டையை, அவர் பார்க்காத நேரத்தில், அக்கா கூடையின் அடியில் வைத்தாள்.

மறுநாள் காலை அங்கிளே எங்களை ஜெராமுக்கு அழைத்துச் சென்றார். அக்காவின் மாமியார் முட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடியாத்தி, இவ்ளோ நேர்த்தியா! எம்மருமகளா?" அக்காவின் முகம் மலர்ந்தது. பிறகு அவர் கூடையின் அடியில் கைவிட்டுச் சிவப்பு முட்டையை எடுத்து அங்கிளிடம் நீட்டினார். "இதாங்க ஈஸ்டருக்கு உள்ள கலரு. நீங்க வச்சுக்கோங்க."

அங்கிள் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அக்காவை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் திரும்பும்போது, ஜெராமைத் தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தினார்.

"பாப்பா, நீயே சாப்ட்டுரு லா. கீழ எறங்கி."

ஞாயிற்றுக்கிழமைதானே. சாலையோரம் நின்று, காகிதத்தோடு ஓட்டை உரித்து, உப்பில்லாமலே தின்று முடித்தேன். ஓட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிய பிறகுதான் அவர் காரின் கதவைத் திறந்தார்.