உடைத்து முடித்த கப்பலுக்கு இரண்டு டிக்கெட்

இல்லைங்க, அந்தப் போர்க்கப்பலை இனிமேல் எங்கே போயும் பார்க்க முடியாது. போன பதிவில் வழி கேட்டவருக்கு இதுதான் பதில். எனக்கே இன்று காலை பத்தே காலுக்குத்தான் தெரிந்தது.

நானும் மாமாவும் இன்று குஜராத் கிளம்புவதாகத் திட்டம். ஓய்வு கொடுத்த கப்பலை உடைப்பதற்காக அங்கே கரையேற்றியிருந்தார்கள். தஞ்சாவூரில் ஏழு மணிக்கு பஸ் ஏறினேன். கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர், அங்கிருந்து மாமாவின் ஊரான குடவாசல் இன்னொரு இருபது. இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து அறுபத்தைந்து ரூபாய். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடாதீர்கள். வழியெல்லாம் மழையில் சாய்ந்த நெல்தான்.

மாமா, அம்மாவின் தம்பி. அந்தக் கப்பல், டெஸ்ட்ராயர் ரகம், புதிதாகக் கடலுக்குப் போன நாளிலிருந்து பதினைந்து வருடம் அதன் என்ஜின் அறையில் இருந்தவர். அந்தச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. கப்பல் போர் எதையும் பார்க்கவில்லை. கடற்கொள்ளைக்காரர்களைத் துரத்தியது, புயலடித்த தீவுக்கு அரிசி கொண்டுபோனது. பீரங்கி சுட்டதெல்லாம் பயிற்சிக்குத்தான்.

ஒரு கப்பலின் கடைசி நாளில் நீளமான கொடி ஒன்றை ஏற்றி, பொழுது சாயும்போது கொடி இறக்குவார்கள். பழைய ஆட்களையும் கூப்பிடுவார்கள். போன வருடம் மாமாவுக்கும் அழைப்பு வந்தது. போகவில்லை. அன்றைக்குத்தான் அவர் வயலுக்கு அறுப்பு மிஷின் முறை.

“கப்பல் எங்க போயிடப் போவுது? மிஷின விட்டா வராது மாப்ள” என்றார்.

பாதி வயலில் மிஷின் சேற்றில் புதைந்தது. மிச்சத்தை மழை சாய்த்தது, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. அப்புறம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“ஒரு தடவ அதக் கண்ணால பாத்துடணும்டா. நீதான் காலேஜ விட்டுட்டு ஊர் சுத்துறியே, யார்ட்ட லீவு கேக்கணும்? கூட்டிட்டுப் போ.”

குடவாசலில் இறங்கி, வழக்கமான கடையில் டீ சொன்னேன். உடைக்கும் இடத்தில் எனக்குத் தெரிந்த லாரி டிரைவரிடமிருந்து போட்டோ வந்தது. மணலில் அடித்தகடு மட்டும் கிடக்கிறது, அதுவும் பாதி. போன வாரமே முடித்துவிட்டார்களாம்.

போக நினைப்பவர்கள் முதலில் போட்டோ கேளுங்கள், அப்புறம் டிக்கெட் எடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

மாமா போன் செய்தார்.

“எங்கடா இருக்க? வெள்ளச் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டாச்சு.”

“மாமா, கப்பல உடைச்சிட்டாங்களாம்.”

“பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கடைக்கே வந்துட்டேன் இரு.”

எதிர்ப்பக்கம் நிற்கிறார். கையில் பை, ஷூவுக்குப் பாலிஷ். என்னைப் பார்த்ததும் கிண்டலாக ஒரு சல்யூட். ரோட்டைத் தாண்டுகிறார். நான் போகணும்.