விறைக்காத போர்வை: ஹமீதா ராத்தா நினைவாக

ஹமீதா ராத்தா காலமான செய்தி வந்தபோது, அவருக்காக நாங்கள் தைத்த போர்வை தையலறையின் பின்புறக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிலிருந்து அவருடைய மகள் றிஸ்லா தொலைபேசியில் சொன்னாள்: "அன்ரி, உம்மா மௌத்தாகிட்டா. அஸர் தொழுகைக்கு முன்ன அடக்கிருவாங்க. வாங்க." நான் முதலில் போய்த் தொட்டுப் பார்த்தது அந்தப் போர்வையைத்தான். இன்னும் ஈரமாக இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் இருக்கும் எங்கள் சிறிய தையலறையில், மேல்துணிக்கும் அடித்துணிக்கும் இடையில் மெல்லிய பஞ்சு வைத்து மெசினில் போர்வை தைக்கிறோம். நிலாவெளி விடுதிகளின் குளிரூட்டிய அறைகளுக்கு அவை போகின்றன. சம்பூர், சல்லி, கிண்ணியா என்று பல பக்கப் பெண்களைச் சேர்த்து இதைத் தொடங்கியவர் ஹமீதா ராத்தா. அக்காவைக் கிண்ணியாவில் ராத்தா என்பார்கள். சல்லியிலிருந்து போன எனக்கும் அவர் முதல் நாளே ராத்தாவாகிவிட்டார்.

பெரிய மெசின் வந்த புதிதில் அவருக்குப் பிடித்த பைத்தியத்தை நான் மறக்கமாட்டேன். பூவும் கொடியும் இலையுமாக, விரல் வைக்க இடமில்லாமல் ஒரு போர்வை முழுவதையும் தைத்துத் தள்ளினார். பார்வைக்கு அவ்வளவு அழகு. கட்டிலில் விரித்தாலோ ஓரம் தொங்காமல் பலகை போல நீட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்க, அவரே அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது போர்வையில்ல புள்ள, கதவு. கொழுக்கி போட்டா வீட்டைப் பூட்டிட்டு வெளிய போகலாம்" என்றார். அதை ஒளித்து வைக்கவும் இல்லை. இஸ்திரி மேசையில் விரித்து, புதிதாக வேலைக்கு வருபவர்களிடமெல்லாம் "நான் தச்ச கதவு" என்று காட்டுவார். தன் பிழையை இப்படி நடு அறையில் விரித்து வைத்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு அவர் வைத்ததுதான் எங்களுக்குச் சட்டம். புதுத்துணியைக் கஞ்சி போகத் தோய்த்த பிறகே வெட்டவேண்டும். நூல் மெல்லியதாகவும் தையல் நீளமாகவும் இருக்கவேண்டும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே உள்ளங்கை படுக்கவேண்டும். "பஞ்சுக்கும் மூச்சுவிட இடம் குடுங்க" என்பார்.

ஒரு கோடையில் இவ்வளவும் செய்தும் போர்வைகள் விறைத்துவிட்டன. நாங்கள் மெசினைக் குறை சொன்னோம், நூலைக் குறை சொன்னோம். அவர் ஒரு மூலையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கடலுக்கு அருகில் இருந்த எங்கள் கிணற்றில் உவர் ஏறியிருந்தது. அன்றிலிருந்து கடைசி அலசல் குழாய்த் தண்ணீரில்தான்.

தைத்து முடிந்த ஒவ்வொரு போர்வையும் அவர் உட்காரும், கைப்பிடி வைத்த மரக் கதிரையின் மேல் எறியப்படும். மடிந்து விழுந்து கதிரையின் உருவத்தைக் காட்டினால் விடுதிக்குப் போகும். கூடாரம் போட்டு நின்றால், "பிரிங்க" என்ற ஒரே சொல்தான். யார் கண்ணைக் கசக்கினாலும் அந்தச் சொல் மாறாது. முகத்துக்காக அவர் ஒரு தையலைப் பற்றிப் பொய் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

இந்த ஆண்டு நோய் அவருடைய எலும்புக்குள் இறங்கிவிட்டது. மேலே எது பட்டாலும் வலித்தது. நாங்கள் எல்லோரும் அவருடைய கட்டிலைச் சுற்றியே கிடந்தோம். விடுதியொன்றின் பெரிய வேலை பாதியில் நின்றது. அது கைவிட்டுப் போனால் தையலறையையே மூடவேண்டி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எழுந்து போக மனம் வரவில்லை. அவருக்கென்று உடம்பை உறுத்தாத ஒரு போர்வையை மட்டும், பழகிய பருத்திச் சேலைகளை வெட்டித் தைத்துக் கொண்டுபோனோம்.

அந்த நிலையிலும் "கதிரையில போடுங்க" என்றார். றிஸ்லா போட்டாள். என் கண்ணுக்கு அது வழிந்து விழுந்தது. ராத்தா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த மூலை நெருக்கமாக் கிடக்கு. பிரிங்க. கொண்டுபோய்த் திருத்திட்டு வாங்க."

"இப்ப போர்த்துங்கோ ராத்தா. பிறகு திருத்தித் தாறன்" என்றேன்.

"ஏலாது புள்ள. வேலையெண்டா வேலை."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. படுக்கையில் கிடக்கும் மனிதருக்கு இப்படியும் ஒரு பிடிவாதமா என்று பஸ்ஸில் புறுபுறுத்துக்கொண்டே வந்தேன். தையலறையைத் திறந்து மூலையைப் பிரித்தோம். திறந்ததுதான் திறந்தோம் என்று விடுதி வேலையிலும் கை வைத்தோம். ஒரு மெசின் ஓடத் தொடங்கினால் மற்றதும் சும்மா இருக்காது. ராத்தாவின் போர்வையைத் திருத்தி, தோய்த்து, கொடியில் போட்ட அன்றுதான் றிஸ்லாவின் அழைப்பு வந்தது.

ஆண்கள் ராத்தாவின் உடலைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு, அடக்கம் செய்ய மையவாடிக்குப் போன பிறகு, றிஸ்லா என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். "ஈரமாக் கிடந்தது பிள்ளை, அதுதான் கொண்டுவரேல்லை" என்று நான் அழுதேன்.

"அந்த மூலையில ஒரு பிழையும் இல்ல, அன்ரி" என்றாள் அவள். "நீங்க போன பிறகு உம்மா சொன்னா. 'நல்லாத்தான் தச்சிருக்காளுகள். பிரிக்கச் சொன்னாத்தான் இங்கிருந்து எழும்பிப் போய் மெசினைத் திறப்பாளுகள்' எண்டு சொல்லிச் சிரிச்சா."

வலியோடு கிடந்தபடி, தன் உடம்பு தேடிய போர்வையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்படி ஒருவரோடு வேலை செய்யக் கிடைத்ததே எங்கள் பாக்கியம்.

விடுதி வேலை முடிந்து, போர்வைகள் போய்ச் சேர்ந்துவிட்டன. அடுத்த வேலையும் வந்திருக்கிறது. இன்று காலை அவருடைய போர்வையை எடுத்து, அவருடைய கதிரையில் எறிந்தேன். மடிந்து, சரிந்து, முதுகும் கைப்பிடிகளும் தெரிய விழுந்தது. நாங்கள் எல்லோரும் பழக்கத்தில் அவருடைய சொல்லுக்காகக் காத்து நின்றோம்.

பிறகு மெசின்களுக்குத் திரும்பினோம். போய்வாருங்கள் ராத்தா.