மாமாவுக்கு நான் பொறுக்கிய ரைபிள்

சிங்கப்பூர் பூன் லேயில் தனியாளாகத் தச்சுப் பட்டறை போட்டவன் நான். பிடோக்கில் பாதிக் காப்பிக்கடை மேசைகள் என் கைவேலை. தேக்காவில் நகைக்கடைக் கவுண்டர்கள், ஒரு கோயிலுக்கு இரண்டு ஆள் உயரக் கதவு. படிப்பு ஆறாவது வரை. அதையும் இரண்டு தடவை படித்தேன். ஆனால் மரம் எனக்குப் பதினோரு வயதிலேயே தெரியும்.

அப்போது என் தாய்மாமன் ஏர் ரைபிள் கிளப்பில் இருந்தார். அவர் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணின் அப்பாவும் அதே கிளப். முந்தைய வருடப் போட்டியில் மாமா அவரைத் தோற்கடித்துவிட்டார். அதிலிருந்து பெண் கேட்டுப் போனால், பெரியவர் டீ கொடுத்து அனுப்பிவிடுவார். இந்த வருடமும் ஜெயித்துக் காட்டினால் மனிதர் இறங்கி வருவார் என்பது என் கணக்கு.

கிளப்பில் இரண்டு ரைபிள்கள் இருந்தன. ஒன்றுக்குத் தோளில் பதிக்கும் கட்டை வால்நட் மரம், வரிவரியாகப் பளபளக்கும். இன்னொன்றுக்கு மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டிய கட்டை, மீன்பெட்டி மாதிரி இருக்கும். மாமா வால்நட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆயுத பூஜையன்று இரண்டுக்கும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, சொம்புத் தண்ணீரையும் தாராளமாகத் தெளித்தார்.

மறுநாள் பார்த்தால் வால்நட் ஈரம் குடித்து ஊதி, குழலை ஒரு பக்கமாக நெட்டிக்கொண்டிருந்தது. அடுக்குப் பலகை அசையவில்லை. ஒரு அடுக்கின் நார் நெடுக்கே, அடுத்ததன் நார் குறுக்கே, எப்படி அசையும்? இரண்டிலும் ஐந்தைந்து சுட்டுப் பார்க்கச் சொன்னேன். வால்நட்டின் ஐந்து ஓட்டையும் ஐந்து திசையில். மற்றதன் ஐந்தும் ஒரு பத்துக் காசு நாணயத்துக்குள் அடங்கின.

"மீன்பெட்டியத் தூக்கிட்டுப் போனா சிரிப்பாங்கடா."

"சிரிக்கட்டும் மாமா. நேராப் போவுதுலா!"

போட்டியில் மாமாவுக்கும் பெரியவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். ஆளுக்கு ஐந்து குண்டு. பெரியவருக்குக் கண்ணில் புரை. கசக்கிக் கசக்கிச் சுட்டார். முடிவில் மாமாவின் அட்டையில் ஒரு கீறல் இல்லை. பெரியவரின் அட்டையில் ஐந்து ஓட்டை, ஐந்தும் நட்டநடுவில்.

"குறி பாக்க வயசு வேணும் தம்பி," என்று மாமாவின் முதுகில் தட்டிய பெரியவர், கோப்பையை அணைத்துக்கொண்டே, "நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க," என்றார்.

என் ரைபிள்தான் மாமாவைக் கவிழ்த்துவிட்டது என்று பஸ்ஸில் வீடுவரை அழுதேன். மாமாவோ விசிலடித்துக்கொண்டு வந்தார். தோற்றவருக்கு என்ன விசில் வேண்டிக்கிடக்கிறது என்று அன்று புரியவில்லை.

பெரியவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது, இனிச் சொல்லலாம். அவர் சுட்ட ஐந்தும் பின்சுவரில். மாமாவின் குண்டு ஒன்று வழிதவறலாம். ஐந்தும் அடுத்தவர் அட்டையின் நடுவில் போய் உட்காருமா? குறி மாமாவுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வால்நட்டை எடுத்துப் போயிருந்தால் இருவரும் தோற்றிருப்பார்கள், அத்தை வேறு வீட்டுக்குப் போயிருப்பார்.

அடுத்த மாதம் மாமாவுக்கு எண்பதாம் கல்யாணம். பத்திரிகையில் சமையல்காரர் பெயர்கூட இருக்கிறது, என் பெயர் இல்லை. 'ரைபிள் தேர்வு' என்று போட்டு அதன் கீழே என் பெயரைப் போட வேண்டும். கொட்டை எழுத்தில்.