அத்தையைப் படம் பிடித்தவர்கள்

வயதானவர்களைப் படமெடுத்துக் கௌரவிக்கப் போகிறோம் என்று யாராவது கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். நல்ல காரியம்தானே என்பார்கள். நாலாம் வகுப்பு படிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்போது, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், சாரம் என்ற பகுதியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அத்தை. அத்தை அப்பாவுக்கு மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தாத்தா இறந்தபோது அப்பா தவழ்ந்துகொண்டிருந்தாராம். அந்த வருடமே அத்தை பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பிகள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். வேலைநிறுத்தத்தின்போது ஆலை வாசலில் உட்கார்ந்து, போலீஸ் வேனில் முதல் ஆளாக ஏறினார். ஆலை மூடிப் பல வருடமாகியும் ஞாயிற்றுக்கிழமையானால் அவருடைய ஆலைத் தோழிகள் வந்துவிடுவார்கள். எல்லோருமாக மேட்னி ஷோவுக்குக் கிளம்புவார்கள். அத்தையோடு மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வருவதற்குள் எனக்குக் கால் கடுத்துவிடும். வழியெல்லாம் அவரை நிறுத்திப் பேசுகிறவர்கள்.

ஊரில் ஏதோ ஒரு குழு முதியோர் படக் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொல்லி, அப்பாவின் நண்பர் ஒருவர் புகைப்படக்காரர் ஒருவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். சென்னைக்காரர், சின்ன வயது. அத்தை காலையிலிருந்தே தயாராகிவிட்டார். மாம்பழ நிறப் பட்டு, கைக்கடிகாரம், மூக்குக் கண்ணாடி, முகத்தில் லேசாகப் பவுடர். ஹாலில் நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். புகைப்படக்காரர் இரண்டு படம் எடுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“பாட்டி, இந்தப் பட்டு வேணாமே. வீட்ல கட்டுற பழைய புடவை ஏதாவது இருக்கா? கண்ணாடியையும் கழட்டிட்டீங்கன்னா சுருக்கமெல்லாம் நல்லா விழும்.”

“சுருக்கத்த எடுக்க வந்தியா, என்னை எடுக்க வந்தியா?” என்றார் அத்தை.

புகைப்படக்காரர் சிரித்து மழுப்பிவிட்டு அப்பாவோடு காபி குடிக்க உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்தது என்று அத்தையும் நைட்டிக்கு மாறி, ஊறிக்கிடந்த போர்வையைத் துவைக்கப் பின்பக்கம் போனார். புகைப்படக்காரர் கை கழுவுகிறேன் என்று கேமராவோடு எழுந்து போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கண்காட்சி, கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வெள்ளைக்காரர் வீட்டில். அதே மாம்பழ நிறப் பட்டோடு அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கினார். உள்ளே ஒவ்வொரு படமும் கதவு அகலத்துக்கு இருந்தது. பொக்கை வாய்கள், நரம்போடிய கைகள், கலைந்த தலைகள். சிரித்த முகம் ஒன்றுகூட இல்லை. இந்த ஊரில் வயதானவர்கள் யாரும் சிரிப்பதே இல்லையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அத்தையை நான்தான் கண்டுபிடித்தேன். நடுச்சுவரில் இருந்தார். துணி துவைக்கும் கல்லின் மேல் குனிந்து, நனைந்த நைட்டியோடு, முடி அவிழ்ந்து, மூச்சு வாங்க வாய் திறந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கீழே ஓர் அட்டையில் ‘யாருமற்றவள்’ என்று எழுதியிருந்தது.

அத்தை படத்தைப் பார்த்தபடியே நின்றார். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் பெருமூச்சு விட்டு, “பாவம் இல்ல?” என்றார் அத்தையிடம்.

“யாரு பாவம்?”

“இவங்கதான். யாருமே இல்லயாமே.”

“அது நான்தான்.”

அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார், பட்டுப் புடவையைப் பார்த்தார், நம்பாத ஒரு சிரிப்போடு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார்.

அதற்குள் புகைப்படக்காரர் கைகூப்பியபடி வந்தார். “உங்கள கௌரவிக்கணும்னுதாம்மா நடுவுல மாட்டியிருக்கோம்.”

“எனக்கு யாருமில்லன்னு ஒனக்கு எவன் சொன்னான்?”

அவர் தயங்கி அப்பாவைப் பார்த்தார். “சார்தான்... அக்காவுக்குக் கல்யாணம் ஆகல, யாருமில்ல, பாவம், நாங்கதான் வச்சிப் பாத்துக்கறோம்னு...”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்க்கா” என்றார் அப்பா. “இதப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு. படம் நல்லாத்தான வந்திருக்கு?”

 அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு எக்கி, சட்டத்தை இரண்டு கையாலும் ஆணியிலிருந்து இறக்கி, முகம் சுவரைப் பார்க்கும்படி தரையில் சாய்த்து வைத்தார். விழாக்காரர்கள் ஓடி வந்தார்கள். தொடக்கூடாது என்றார்கள், கலை என்றார்கள், சிறப்பு விருந்தினர் வருகிற நேரம் என்றார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் போலிருந்த ஒரு பெரியவர் மட்டும் எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அந்த வெறும் ஆணிக்குக் கீழே போட்டு, “உக்காருங்க மதாம்” என்றார்.

எனக்கும் கோபம் பொங்கியது. நைட்டியில் எடுத்துவிட்டார்களே என்ற கோபம். அந்த அட்டையைப் பிய்க்கப் போனேன்.

“இருக்கட்டும்டி” என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “அதப் படிச்சிட்டு என்னைப் பாக்கட்டும்.”

அப்படியே அங்கே உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார்கள், என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றார்கள். நின்றவர்களிடம் அத்தை பேசினார். எந்த ஆலை, எந்த ஷிப்ட், யார் யாரைப் படிக்க வைத்தது, எந்த வழக்கில் உள்ளே போனது. பாவம் என்ற அந்த அம்மாள்கூடத் திரும்பி வந்து கேட்டார். சிறப்பு விருந்தினர் வந்து சால்வையை நீட்டியபோது, “எதுக்குன்னு சொல்லுங்க, வாங்கிக்கறேன்” என்றார் அத்தை. அவர் விழாக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். சால்வையை மடித்துத் திரும்பக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பா வாசலில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் பதிலாக அத்தை தோழிகளோடு ஸ்டுடியோவுக்குப் போனார். பட்டு, கடிகாரம், கண்ணாடி எல்லாம் அப்படியே, வாய் நிறையச் சிரிப்போடு ஒரு படம். சட்டம் போட்டு வாங்கி வந்து, ஹாலில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் தாமே ஆணி அடித்தார்.

“உயிரோட இருக்கறவங்க படத்த அங்க மாட்டக் கூடாது அண்ணி” என்று அம்மா பதறினார்.

“செத்தப்புறம் நீங்க எந்தப் படத்த மாட்டுவீங்கன்னு எனக்குத் தெரியாதுல்ல?” என்றார் அத்தை.

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் படத்துக்கு நேர் எதிரில் ஒரு சாய்வு நாற்காலி உண்டு. அது அப்பாவின் இடம், வேறு யாரையும் உட்காரவிட மாட்டார். படம் மாட்டிய பிறகு அவர் அதில் உட்காரவே இல்லை. கால் வலிக்கிறது, காற்று வரவில்லை என்று ஏதாவது சொல்லி வாசல் பக்கம் ஸ்டூல் போட்டுக்கொள்வார். டிவி அந்த நாற்காலியிலிருந்துதான் நன்றாகத் தெரியும். நான் ஓடிப்போய் ஏறிக் காலை நீட்டிக்கொண்டேன். அப்பா எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.