பிள்ளைப்பாக்கத்து அண்டா

காலை 7.20. தாம்பரத்தில் ஒரகடம் பஸ் ஏறினேன். கையில் இருந்த ஃபைலைச் சேலத்திலிருந்து மடியைவிட்டு இறக்கவே இல்லை. தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், என் ஆதார், எல்லாம் அதில். பிள்ளைப்பாக்கத்துக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் சங்கம், குடும்பத் தலைவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டப் போகிறது. நான்கு வயதில் தகப்பனை இழந்து, தாயோடு சேலம் போய்விட்ட என் அப்பா ஏகாம்பரத்துக்கு இப்போது எழுபத்தெட்டு. அந்தக் கல்லில் தன் பெயர் இருந்தே ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

படப்பை தாண்டியதும் கம்பெனி பஸ்கள் வழியை அடைத்துக்கொண்டன. ஒரகடம் கூட்டுரோடு வர ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய்.

“எந்த கம்பெனி சார்? இன்டர்வியூவா?” என்றார் டிரைவர்.

ஐம்பத்தோரு வயதில் இன்டர்வியூ! கோயிலுக்கு என்றேன்.

“கோயிலுக்கு ஃபைல் எடுத்துக்கினு போற ஆள இப்பதான் சார் பாக்குறேன்.”

9.15. சங்கச் செயலாளர் என்னைவிடச் சின்னவர், கார் உதிரிபாகக் கம்பெனியில் சூப்பர்வைசர். இரண்டு மணிக்கு அவருக்கு ஷிஃப்ட். அதற்குள் பெயர்ப் பட்டியல் கல்வெட்டுக்காரரிடம் போய்விடும். சங்கத்தின் பழைய நோட்டைப் பிரித்து, என் தாத்தா பெயர் இருந்த வரியில் விரல் வைத்தார். ‘முனுசாமி – வாரிசு இல்லை.’

“இன்னா சார் பண்றது, நோட்டுல இப்டி கீது.”

இல்லாத வாரிசின் மகனான நான் அவர் எதிரில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான். வேலு, பொன்னன் என்று அண்ணன் தம்பி இருவர். இருவருமே தலைப்பிள்ளைக்குத் தங்கள் அப்பாவின் பெயரையே வைத்தார்கள். ஒரே காலத்தில் இரண்டு முனுசாமி. பிள்ளை இல்லாமல் போனவர் பொன்னன் மகன். என் தாத்தா வேலு மகன். நோட்டு எழுதிய புண்ணியவான் தகப்பன் பெயரை எழுதவில்லை, இருவரையும் ஒருவராக்கிவிட்டார்.

“வேலு மகன்னு உங்க பேப்பர்ல கீது, ஒத்துக்குறேன். அவருக்குப் புள்ள இருந்துச்சுன்னு இந்த ஊர்ல ஏதாச்சும் கீதா?”

அப்பாவின் சான்றிதழில் தகப்பன் பெயர் முனுசாமி. எந்த முனுசாமி என்று அது சொல்லாது. அப்பாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

11.30. அன்று ஆடி வெள்ளிப் பொங்கல். கோயிலுக்குப் பின்னால் செயலாளரின் அத்தை ஒரு பெரிய பித்தளை அண்டாவைக் கவிழ்த்துப்போட்டுப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வாக்குவாதம் காதில் விழுந்திருக்கிறது.

“டேய், முனுசாமி முனுசாமின்றீங்களே, இதுல ஏதோ எய்தி கீது, வந்து பாரு!”

இருவரும் ஓடினோம். கரி போன இடத்தில், விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து: ‘வேலு மகன் முனுசாமி, தன் மகன் ஏகாம்பரம் பிறந்ததற்கு உபயம்.’

செயலாளர் இரண்டு தரம் படித்தார். “வருஷாவருஷம் இதுல துன்னுக்கினு, வாரிசு இல்லைன்னு எய்தி வச்சிக்கிறோம்!” படம் பிடிக்கச் செல்போனை எடுத்தவர் என் தோளைத் தொட்டார். “அண்ணே, கொஞ்சம் நவுருங்க, வெளிச்சம் வரட்டும்.”

காலையிலிருந்து நான் சார். இப்போது அண்ணே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சமாளித்தேன். படத்தை எனக்கும் அனுப்பிவிட்டு, நோட்டின் அந்த வரிக்குக் கீழேயும் கல்வெட்டுப் பட்டியலிலும் என் கண்ணெதிரிலேயே அப்பாவின் பெயரை எழுதினார். அந்த அண்டாவில் வெந்த பொங்கலை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

1.40. ஒரகடம் வரை செயலாளரே பைக்கில் கொண்டுவந்து விட்டார். தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். பெயர் வந்துவிட்டது என்று சொல்லி, அண்டாவைப் பற்றியும் சொன்னேன். சேலத்து வீட்டில் தாத்தாவின் போட்டோகூடக் கிடையாது. அவர் முகம் அப்பாவுக்கு நினைவில்லை. கல்லைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“நான் பொறந்ததுக்கா குடுத்தாரு?” என்றார்.

“ஆமாப்பா.”

“இன்னொரு தடவ படி.”

படப்பை வரும்வரை படித்துக்கொண்டே வந்தேன்.