பெயர்க்கல்லோடு கல்வராயன் மலை ஏறிய கதை

ஐம்பது வயது ஆனதும் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. செத்த பிறகு நம் பெயர் எங்கேயாவது நிற்க வேண்டாமா? கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். கடை போர்டிலும் என் அத்தா பெயர்தான் இருக்கிறது.

அதனால் போன நவம்பரில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கொடுக்க முடிவு செய்தேன். தண்ணீர் தானம், கொடுத்தவன் செத்துக் கபுருக்குள் போன பிறகும் நன்மை சேர்த்துக்கொண்டே இருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கருங்கல்லில் என் பெயரைப் பெரிதாக வெட்டச் சொல்லி, தங்கக் கலரும் அடித்தேன்.

"உசுரோட இருக்க சொல்லவே கபுருக்குக் கல்லு அடிச்சிக்கினு வந்துட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

காலை ஏழு மணிக்குக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் கிளம்பினோம். வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. முன்னால் டிரைவர் முருகனும், பிளஸ் டூ படிக்கும் என் மகள் ஷாஹினாவும். பின்னால் சாமான்களோடு சாமானாக நான், மடியில் கல். வெறும் தொட்டிக்கு எடையே கிடையாது. கல்லை நிறுத்த ஒரு மேடை கட்ட வேண்டுமே, அதற்கான சிமெண்டு, மணல் மூட்டைகள்தான் தொட்டிக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன.

கச்சிராயபாளையத்தில் டீ குடிக்கும்போதே முருகன் சொன்னார்: "லோடு ஜாஸ்தி பாய். மூட்டையில பாதிய இங்கயே போட்டுட்டுப் போலாம்."

"மேடை கம்மியாப் பூடும்பா" என்றேன்.

கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை. ராத்திரி மழை பெய்து ரோடு வழுவழுவென்று இருந்தது. நாலைந்து வளைவு ஏறியதும் வண்டி திணறி நின்றது. பிறகு பின்னால் நகர ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தும் டயர் வழுக்கியது, கைபிரேக்கும் பிடிக்கவில்லை. பின்னால் நாங்கள் ஏறிவந்த வளைவு, அதற்கு அப்பால் பள்ளம்.

"பாய்! எறங்கிக் கல்லு வைங்க!"

குதித்தேன். மலையில் கல்லுக்கா பஞ்சம்? ஒன்று மண்ணில் புதைந்திருந்தது. இன்னொன்றைக் காலால் எத்தினேன், அசையவில்லை. ஷாஹினா பக்கத்துக் கதவு வெளியிலிருந்து திறந்தால்தான் திறக்கும். வண்டி அடி அடியாக என்னை நோக்கி வந்தது.

"கையில இன்னா வெச்சிக்கினு இருக்கீங்க? அதத்தான் வைங்களேன்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள் ஷாஹினா.

அப்போதுதான் பார்த்தேன். கல்லை விடாமலே குதித்திருக்கிறேன், கல்லைப் பிடித்துக்கொண்டே கல் தேடியிருக்கிறேன். தங்க எழுத்து பளபளத்தது. சொல்லக் கேவலமாக இருக்கிறது, ஒரு நொடி நின்றேன்.

பிறகு டயருக்கு அடியில் தள்ளினேன். சக்கரம் ஏறியதும் கல் இரண்டாகப் பிளந்தது. வண்டி நிற்கவில்லை. ஒரு பாதியின் மேல் இன்னொரு பாதியை அடுக்கித் திணித்து, தோளையும் கொடுத்தேன். நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து மகளை இழுத்து வெளியே விட்டேன்.

மூட்டைகளை இறக்கிப் போட்டதும் வண்டி சமர்த்தாக ஏறியது. பள்ளியில் பழைய மேடை ஒன்று இருந்தது, அதிலேயே தொட்டியை வைத்தோம். பெயர் ஏதும் எழுத வேண்டுமா என்று டீச்சர் கேட்டார். வேண்டாமென்று ஷாஹினாவே சொல்லிவிட்டாள்.

இறங்கும்போது நானும் முன்னால் உட்கார்ந்தேன். ஷாஹினா கேட்டாள்: "அத்தா, கண்ணாடியில பாத்துக்கினுதான் இருந்தேன். ஏன் நின்னீங்க?"

"பேரப் பாத்தேம்மா."

அவள் திரும்பி ரோட்டைப் பார்த்தாள். வழியில் ஓர் அருவி வந்தது, அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: டயருக்கு வைக்க மரக்கட்டை இரண்டு கட்டாயம் எடுத்துப் போங்கள். மழை பெய்த மறுநாள் லோடு ஏற்றாதீர்கள். டிரைவர் "ஜாஸ்தி" என்றால் ஜாஸ்திதான். கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

நாளைக்கு ஷாஹினா தன் பிள்ளைகளிடம் என்னைப் பற்றிச் சொல்வாள். நான் நின்ற அந்த ஒரு நொடியையும் சொல்வாள், சொல்லட்டும். அடுத்த நொடியையும் சேர்த்துச் சொன்னால் போதும்.